காலால் அறியும் ஊர்: தைப்பிங்கும் அதன் சுற்றுப்புறமும்



சென்ற ஆண்டு ஒரு நாள், ஆறாம் ஆண்டு வகுப்பில், "தைப்பிங் நகருக்கு எத்திசையில் புக்கிட் லாருட் மலை உள்ளது?" என்று வினவினேன். நைல் நதி பாயும் நாட்டைத் தயக்கமின்றிக் கூறும் பிள்ளைகள் அவர்கள். ஆயினும் பாதிப்பேர் விழித்தனர். ஒருவர் வடக்கு என்றார். மற்றொருவர் தெற்கு என்றார். அம்மலை எங்கள் பள்ளித் திடலிலிருந்து பார்த்தாலே தெரியும். நாள்தோறும் அதன் பின்னிருந்தே கதிரவன் எழுகின்றான். காரிலும் வேனிலும் அமர்ந்து நகருக்குச் சென்று திரும்பும் பிள்ளைகளுக்குக் கடைகளின் பெயர் தெரிகிறது. கடைக்குச் செல்லும் வழி தெரியவில்லை.

ஆதலின் இவ்வாண்டு மலருக்கு, தைப்பிங் நகரையும் அதன் சுற்றுப்புறத்தையும் நடந்தும் மிதிவண்டியிலும் கண்டறியும் முறையைப் பற்றி எழுதலானேன். இதனை எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

முதலில் நிலத்தை அறிந்து கொள்வோம். தைப்பிங்கில் திசை அறியக் காந்த ஊசி வேண்டுவதில்லை. கிழக்கே மலை, மேற்கே கடல். மலையை நோக்கி நின்று இரு கைகளையும் விரித்தால் இடக்கை வடக்கையும் வலக்கை தெற்கையும் காட்டும். இடைப்பட்ட நிலம் பெரும்பாலும் சமவெளி. ஆகவே நடப்போர்க்கும் மிதிவண்டி செலுத்துவோர்க்கும் இஃது ஏற்ற ஊர். மூச்சு வாங்கும் மேடு வேண்டுமாயின் மலைக்குத்தான் செல்ல வேண்டும்.

லாருட் வட்டாரத்தில் ஈயம் கண்டெடுக்கப்பட்ட பின்னர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் சீனத் தொழிலாளர் பல்லாயிரவர் இங்கு வந்து குவிந்தனர். லம்பங்களுக்காகவும் நீருக்காகவும் கீ ஹின், ஹை சான் என்னும் இரு கூட்டத்தார் 1861 முதல் பலமுறை போரிட்டனர். 1874 ஆம் ஆண்டு பங்கோர் உடன்படிக்கைக்குப் பின்னர் அப்பூசல் அடங்கியது. அதன் பிறகே இவ்வூர் 'பெரும் அமைதி' என்று பொருள்படும் தைப்பிங் என்னும் சீனப் பெயரைப் பெற்றது. 1937 ஆம் ஆண்டில் ஈப்போவுக்கு மாற்றப்படும் வரை பேராக் மாநிலத்தின் தலைநகர் இதுவே. தலைநகர்ப் பெருமை நீங்கியதால் நமக்கு ஒரு நன்மை விளைந்தது எனலாம். பழைய கட்டடங்கள் பல இடிபடாமல் எஞ்சின. நடந்து பார்ப்பதற்கு இன்றும் ஏதேனும் இருக்கிறது.

மற்றொன்று மழை. தீபகற்ப மலேசியாவில் மிகுதியாக மழை பெறும் ஊர்களுள் தைப்பிங் முன்னிற்கிறது. ஓராண்டில் ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர், அதாவது 4 மீட்டர் மழை பெய்கிறது. அம்மழைநீர் வடியாமலும் வற்றாமலும் அப்படியே நின்றால் நம் வகுப்பறை கூரை வரை மூழ்கிவிடும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலையில் மோதி மேலெழுந்து குளிர்ந்து மழையாகப் பொழிவதே இதற்குக் காரணம். பெரும்பாலும் பிற்பகலில்தான் வானம் இருளும். ஆகவே நம் பயணம் எதுவாயினும் காலையில் தொடங்கி நண்பகலுக்குள் முடிதல் வேண்டும்.

நகருக்குள் நடந்து செல்வதற்கு நான் வகுத்திருக்கும் வழி, ஜாலான் கோத்தாவிலுள்ள பழைய மணிக்கூண்டில் தொடங்குகிறது. அக்கட்டடம் ஒரு காலத்தில் காவல் நிலையமாகவும் தீயணைப்பு நிலையமாகவும் பயன்பட்டது. அங்கிருந்து பழைய சந்தைப் பக்கம் செல்லலாம். மரத்தூண்களும் அகன்ற கூரையும் கொண்ட அச்சந்தைக் கட்டடங்கள் 1880களில் எழுந்தவை. கடைவரிசைகளின் முன்னால் செல்லும் 'அஞ்சடி'யை இவ்விடத்தில் நன்கு கவனியுங்கள். ஐந்தடி அகலத்திற்கு நடைவழி விடவேண்டும் என்னும் பழைய விதியால் அதற்கு அப்பெயர் வந்தது. வெயிலும் மழையும் மிகுந்த நாட்டிற்கு இதைவிடச் சிறந்த நடைபாதை வேறில்லை. ஆனால் சில கடைக்காரர் அதில் பெட்டிகளை அடுக்கி விடுகின்றனர்; சிலர் மோட்டார் சைக்கிளை நிறுத்தி விடுகின்றனர். நடப்பவர் சாலையில் இறங்க நேர்கிறது. அவ்வாறு இறங்குமிடங்கள் எத்தனை என்று எண்ணி வருமாறு பிள்ளைகளிடம் கூறியிருந்தேன். அவர்கள் எண்ணி எண்ணிக் களைத்துவிட்டனர்!

அங்கிருந்து ஜாலான் தாமிங் சாரி வழியே செல்லின், 1886 இல் மரத்தால் எழுப்பப்பட்ட புனிதர் அனைவர் தேவாலயத்தைக் காணலாம். 1883 இல் நிறுவப்பட்ட பேராக் அரும்பொருளகமும் அதே சாலையில்தான் உள்ளது. நாட்டிலேயே பழமையான அரும்பொருளகம் அதுவே. அதற்கு எதிரே நிற்கும் உயர்ந்த மதில், 1879 இல் தோன்றிய சிறைச்சாலையின் மதில். ஒரு சாலையின் இருபுறமும் அறிவுச் சாலையும் சிறைச்சாலையும் எதிரெதிரே நிற்கின்றன. இதனைக் கண்ட நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, உள்ளே இருப்பவர்கள் அரும்பொருளகத்தைப் பார்க்க முடியுமா?" என்று கேட்டாள். அவளுக்கு விடை கூற எனக்குச் சிறிது நேரம் தேவைப்பட்டது.

அடுத்தது ஏரிப் பூங்கா. அங்குள்ள ஏரிகள் இயற்கையாக அமைந்தவை அல்ல. ஈயம் தோண்டி எடுத்தபின் கைவிடப்பட்ட லம்பக் குழிகளே, 1880களில் பூங்காவாக மாறின. அறுபது எக்டருக்கு மேற்பட்ட பரப்பில் அஃது இன்று பரந்து கிடக்கிறது. அதன் ஓரச்சாலையில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் நூறாண்டைக் கடந்தவை. அவற்றின் கிளைகள் சாலையைக் குறுக்கே கடந்து, தாழ்ந்து, ஏரிநீரைத் தொடுவன போல் நீண்டுள்ளன. தென்னமெரிக்க, நடு அமெரிக்க நாடுகளிலிருந்து வந்த மரம் இது. மாலையிலும், வானம் கறுத்து மழை வருமுன்னும் இதன் இலைகள் மடிந்து கொள்ளும். மலாய்க்காரர் இதனை 'ஐந்து மணி மரம்' என்று பொருள்படும் பெயராலும் வழங்குவர். கையில் கடிகாரம் இல்லாத பிள்ளைக்கு இம்மரமே கடிகாரம். வானிலை அறிக்கையும் இதுவே.

பூங்காவைக் கடந்து மலையடிவாரத்தை நோக்கிச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் போர்க் கல்லறைகள் உள்ளன. இரண்டாம் உலகப் போரில் மாண்ட 850க்கும் மேற்பட்ட வீரர்கள் அங்கு அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். அவர்களுள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டோர் இன்னார் என்று அறியப்படாதவர். இந்தியப் படையைச் சேர்ந்தோரும் பலர் அங்கே துயில்கின்றனர். காரில் செல்வோர் இவ்விடத்தைப் பத்து நொடியில் கடந்து விடுவர். நாங்கள் அரை மணி நேரம் இருந்தோம். பேசக்கூடாது என்று நான் சொல்லவில்லை. பிள்ளைகள் தாமாகவே பேசவில்லை.

இனி, மிதிவண்டி வழி. நான் முன்னர்க் குறிப்பிட்ட காரணமும் இதில்தான் அடங்கியுள்ளது.

2017 ஆம் ஆண்டில், ஆறாம் ஆண்டு மாணவர் பதினொருவரை மிதிவண்டியில் கோலா செப்பாத்தாங் வரை அழைத்துச் செல்லத் திட்டமிட்டேன். பெற்றோரின் இசைவுக் கடிதம் பெற்றேன். வண்டிகளின் பிரேக்கையும் காற்றையும் சோதித்தேன். நிலப்படத்தை விரித்து, மிகக் குறுகிய வழியைச் சிவப்பு மையால் வரைந்தேன். பள்ளியிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அச்சாலையில் இருபது ஆண்டுகளாகச் சென்று வருபவன் நான். அதன் ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும் என்றே எண்ணியிருந்தேன்.

தோட்டத்துச் செம்மண் சாலையை விட்டுப் பெருஞ்சாலையில் ஏறிப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். தார்ச்சாலையின் ஓரம் குறுகிக்கொண்டே வந்தது. வெள்ளைக் கோட்டிற்கும் கால்வாய்க்கும் இடையே ஒரு முழம்தான் இருந்தது. அதிலும் மணலும் சரளையும் கிடந்தன. பின்னால் வந்த லோரி ஒன்று எங்களைக் கடந்தது. ஓட்டுநர் விரைந்து வந்தார் என்றோ நெருங்கி வந்தார் என்றோ நான் கூற மாட்டேன். பெரிய வண்டி கடக்கும்போது முதலில் காற்றை வெளியே தள்ளும். கடந்து முடிந்ததும் உள்ளே இழுக்கும். இவ்விரண்டையும் அறியாத பிள்ளை, தள்ளும்போது அஞ்சிக் கைப்பிடியை இடப்புறம் ஒடித்தான். சக்கரம் சரளையில் வழுக்கியது. பையன் வண்டியோடு கால்வாய்க்குள் விழுந்தான். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. கால்வாயில் அன்று நீர் குறைவு. பிற்பகலாக இருந்து, மழையும் பெய்திருந்தால் என்று எண்ணிப் பார்க்கும்போது இன்றும் என் நெஞ்சு நடுங்குகிறது.

அன்று மாலை மருத்துவமனையில் அவன் தந்தையைச் சந்தித்தேன். தோட்டத்தில் செம்பனைக் குலை வெட்டுபவர். அவர் சினங்கொள்ளவில்லை. "ஐயா, அந்தப் பாதையில் நீங்கள் சைக்கிளில் போய்ப் பார்த்தீர்களா?" என்று மட்டும் கேட்டார்.

நான் போய்ப் பார்த்ததில்லை. இருபது ஆண்டுகளும் காரில்தான் சென்றிருந்தேன். காரில் செல்பவனுக்குச் சாலையின் நடுப்பகுதி தெரியும், ஓரம் தெரியாது. மிதிவண்டியில் செல்பவனுக்கு ஓரம்தான் சாலை. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பாடத்தை முன்னரே ஆயத்தம் செய்யாமல் வகுப்பறைக்குள் நுழையலாகாது என்று எங்களுக்குப் போதித்தார்கள். நானும் முப்பது ஆண்டுகள் அவ்வாறே செய்து வந்தேன். சாலையும் ஒரு வகுப்பறை என்பதை மட்டும் மறந்து போனேன்.

அடுத்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நானே மிதிவண்டியில் சென்று வழியை ஆராய்ந்தேன். சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு. ஓரம் எங்கே குறுகுகிறது, கால்வாய்க்கு மூடி உண்டா, நாய்கள் துரத்தும் வீடு எது, நிழல் எங்கே, நீர் குடிக்க நிறுத்துமிடம் எது, காலை வெயில் எந்த வளைவில் வரும் வண்டி ஓட்டியின் கண்ணைக் கூசச் செய்யும் என்பவற்றையெல்லாம் எழுதினேன். இவற்றுள் ஒன்றேனும் நான் விரித்த நிலப்படத்தில் இல்லை. இறுதியில், செம்பனைக் காட்டினுள் செல்லும் செம்மண் சாலைகளையே பெரிதும் பயன்படுத்தும் வழி ஒன்று அமைந்தது. பழைய வழியினும் 3 கிலோமீட்டர் கூடுதல். மணிக்கு 10 கிலோமீட்டர் செல்லும் பிள்ளைக்கு அது 18 நிமிடம். பதினெட்டு நிமிடத்தைச் சேமிக்க எண்ணித்தான் நான் ஒரு பிள்ளையின் கையை முறித்தேன்.

இந்தக் கணக்கைச் சற்று விரித்துப் பார்ப்போம். பெருஞ்சாலையைக் கடந்தே ஆகவேண்டிய இடம் புதிய வழியிலும் ஒன்று உண்டு. சாலையின் அகலம் 7 மீட்டர் என்று கொள்க. மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு செல்லும் பிள்ளை நொடிக்கு 1 மீட்டர் நடக்கும். கடக்க 7 நொடி வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் ஓடும். 7 நொடியில் ஏறத்தாழ 117 மீட்டர். வேகம் 90 கிலோமீட்டராயின் 175 மீட்டர். ஆகவே வண்டி கண்ணுக்குச் சிறியதாகத் தெரிகிறதே என்று இறங்கிவிடலாகாது. 175 மீட்டர் என்பது எவ்வளவு தொலைவு? சொல்லிப் புரியவைக்க இயலாது. எங்கள் பள்ளித் திடலின் நீளத்தை அளந்து, தோட்டச் சாலையில் அத்தனை மடங்கு நடந்து, அங்கே ஒரு மாணவரைச் சிவப்புக் கொடியுடன் நிறுத்தினேன். மற்றவர்கள் அந்தத் தொலைவைக் கண்ணால் பழகினர். கொடி பிடித்தவர் ஒரு பொட்டுப்போல் தெரிந்தார். "இவ்வளவு தூரமா, ஐயா!" என்று எல்லாரும் வியந்தனர்.

பிற விதிகளை நீங்கள் அறிவீர்கள். சுருக்கமாகக் கூறிச் செல்கிறேன். மிதிவண்டியில் இடப்புறமாக, ஒருவர் பின் ஒருவராகச் செல்லல் வேண்டும். முன் வண்டிக்கும் பின் வண்டிக்கும் இடையே இரு வண்டி நீளம் இடைவெளி விடுக. தலைக்கவசம் இன்றிச் செல்லற்க. நடைபாதை இல்லாத சாலையில் நடப்பவர், எதிரே வரும் வண்டிகள் தெரியுமாறு வலப்புறம் நடத்தல் வேண்டும். லோரி கடக்கும்போது கைப்பிடியை இறுகப் பற்றி, நேரே பார்த்துச் செல்க. திரும்பிப் பார்த்தால் வண்டியும் திரும்பும்.

2018 ஆம் ஆண்டு, புதிய வழியில் மீண்டும் புறப்பட்டோம். முந்தைய ஆண்டு கீழே விழுந்த மாணவர் அப்போது இடைநிலைப்பள்ளிக்குச் சென்றிருந்தார். ஆயினும் அவர் தங்கை எங்கள் பயணத்தில் இருந்தாள். அவளுக்குத் துணையாக அவரும் வர விரும்பினார். நான் தயங்கினேன். தந்தையோ உடனே இசைந்தார். வரிசையின் கடைசியில், எனக்கு முன்னால் அவரை வரச் செய்தேன்.

சிம்பாங் சந்திப்பில் எல்லாரும் இறங்கி, சமிக்ஞை விளக்கு மாறும்வரை காத்திருந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டே கடந்தோம். மாத்தாங்கில் ஙா இப்ராஹிம் கோட்டை முதல் தங்கல். லாருட்டின் ஈய வருவாயை ஆண்ட ஙா இப்ராஹிமின் கோட்டை அது. ஜே. டபிள்யூ. டபிள்யூ. பர்ச் 1875 இல் கொல்லப்பட்டதன் தொடர்பான வழக்கு விசாரணை 1876 இல் இங்குதான் நடைபெற்றது. 1913 முதல் 1922 வரை மலாய் ஆசிரியர்களைப் பயிற்றுவித்த கல்லூரியும் இவ்விடத்தில் இயங்கியது. பயிற்சி பெற்ற ஆசிரியன் என்னும் முறையில் எனக்கு அவ்விடம் தனி மகிழ்ச்சி தந்தது. பிள்ளைகளுக்கு ஐஸ் கச்சாங் கடைதான் மகிழ்ச்சி தந்தது.

மாத்தாங்கைக் கடந்ததும் காற்றில் உப்பு மணக்கத் தொடங்கும். இருபுறமும் அலையாத்திக் காடு. மாத்தாங் காட்டின் பரப்பு ஏறத்தாழ 40,000 எக்டர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இஃது ஒழுங்குமுறையோடு பேணப்படுகிறது. ஒரு பகுதியில் மரம் வெட்டினால் மீண்டும் அங்கு வெட்ட முப்பது ஆண்டுகள் காத்திருப்பர். வெட்டிய மரங்களைச் செங்கற் சூளைகளில் வேகவைத்துக் கரியாக்குகின்றனர். சூளை அருகே சென்றபோது புகையின் புளித்த மணம் நெடுநேரம் உடையிலேயே தங்கியது.

கோலா செப்பாத்தாங்கின் பழைய பெயர் போர்ட் வெல்ட். 1885 ஆம் ஆண்டு ஜூன் முதல் நாள், இந்நாட்டின் முதல் இரயில் தைப்பிங்குக்கும் இவ்வூருக்கும் இடையேதான் ஓடியது. தொலைவு ஏறத்தாழ 13 கிலோமீட்டர். ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டு வருவதற்கே அப்பாதை அமைந்தது. அதனை அமைப்பதில் இலங்கையிலிருந்து வருவிக்கப்பட்ட பயனியர் படையினர் உழைத்தனர். தண்டவாளங்கள் பின்னர் அகற்றப்பட்டுவிட்டன. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் கடைகளுக்கிடையே நிற்கிறது. அதில் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் ஆகிய நான்கு எழுத்துகளிலும் ஊர்ப்பெயர் எழுதப்பட்டுள்ளது. பலகையின் முன்னே நின்ற தங்கை தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சுட்டி உரக்கப் படித்தாள். தமையன் மிதிவண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு, முறிந்து கூடிய அதே கையால் அவளைப் படம் எடுத்தார்.

மலைக்குச் செல்லும் வழியைப் பற்றி அதிகம் எழுதவில்லை. 1,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த புக்கிட் லாருட்டுக்கு முற்காலத்தில் மட்டக்குதிரையிலும் பல்லக்கு நாற்காலியிலும் ஏறினர். வண்டி செல்லும் சாலை 1948 இல்தான் முற்றுப்பெற்றது. அது செங்குத்தான, ஓயாமல் வளையும் சாலை. கனமழையில் மண் சரிவதுண்டு. மேலே செல்ல அனுமதி உண்டா என்பதை அடிவாரத்தில் கேட்டறிந்த பின்னரே, பெரியோருடன், நடந்து செல்க. அது மிதிவண்டிக்குரிய வழியன்று.

இப்போது உங்களுக்குரிய வேலை. அடுத்த பள்ளி விடுமுறைக்குள், உங்கள் வீட்டு வாசலிலிருந்து பள்ளி வரையோ கடைத்தெரு வரையோ உள்ள வழியை, தாய் தந்தையருடன் ஒருமுறை நடந்து பார்த்து, ஒரு முழுத்தாளில் படம் வரைந்து கொணர்க. 100 மீட்டருக்கு உங்கள் கால் எத்தனை அடி வைக்கிறது என்பதைத் திடலில் எண்ணிக் கொண்டால், வழி நெடுகத் தொலைவை அடிக்கணக்காலேயே அளந்து விடலாம். மூடியில்லாத கால்வாயை நீல நிறத்தாலும், ஓரம் குறுகும் இடத்தைச் சிவப்பாலும், நிழல்மரத்தைப் பச்சையாலும் காட்டுக. நாய் உள்ள வீட்டிற்கு ஒரு குறி இடுக. சாலையைக் கடக்குமிடத்தில், கடக்க உங்களுக்கு எத்தனை நொடி ஆயிற்று என்பதை எழுதுக. படத்தின் மேற்புறத்தில் வடக்குத் திசையைக் குறிக்க மறத்தல் கூடாது. மலை எப்பக்கம் என்று நான் மீண்டும் கேட்பேன்.